கரைக்கு என்ன வேலை?

கோலார் தங்கவயலுக்குள் சொல்லிக்கொள்ளும்படியான ஆறு எதுவும் ஓடவில்லை. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று ஊரைச் சுற்றி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது சயனைடு மேடுகள்தான். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்து, மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி எழுந்த செயற்கைக் குன்றுகள் அவை. மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்பது கணக்கு. சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி. அதற்குப் பிறகு இந்த மேடுகளில் சினிமாப் படப்பிடிப்பு நடந்ததுண்டு. காற்று காலத்தில் தூள் பறந்து வீட்டுத் திண்ணையில் படிவதும் உண்டு. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆற்றங்கரையையும் பூங்காவையும் பற்றிய பயணத்தைத் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஆறு ஓடாத இந்த ஊர் ஒரு நூற்றாண்டாகக் குடித்தது ஆற்று நீரைத்தான். ஊருக்கு வடகிழக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் பேத்தமங்கலம் இருக்கிறது. அங்கே பாலாற்றின் குறுக்கே ஒரு பழைய ஏரிக்கரை. தங்கவயலின் குழாய்த் தண்ணீர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கேயிருந்துதான் வந்தது.

பேத்தமங்கலம் போகும் சாலையில் ராகி, தக்காளி, மல்பெரி, தைல மரத்தோப்பு, இடையிடையே பெரும் கருங்கல் உருண்டைகள். கோலார் மாவட்டத்தில் மழை ஆண்டுக்குச் சுமார் 750 மில்லிமீட்டர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இங்கே முன்னோர் ஏரிகளைக் கட்டினார்கள். ஒன்று நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரி நீர் வழிந்தால், அந்த நீர் அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று கோத்துவிட்ட ஆயிரக்கணக்கான ஏரிகள். நந்திமலைப் பக்கம் பிறக்கும் பாலாறு இந்த மாவட்டத்தில் ஆறாக ஓடுவதைவிட ஏரியிலிருந்து ஏரிக்கு நடப்பதே அதிகம். பேத்தமங்கலம் ஏரி அந்தச் சங்கிலியில் பெரிய கண்ணி. கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஏரியின் உள்வாய். நீர் குறைந்த காலத்தில் கோரையும் சேறும் மேயும் மாடுகளும், நீர் நிறைந்த காலத்தில் நாரைகளும் கொக்குகளும். மறுபக்கம் மதகுப் பாசன வயல்கள். இங்கே நிற்கும் எவருக்கும் ஒரு யோசனை வரும்: இவ்வளவு அழகான இடத்தை ஒரு ஆற்றங்கரை இயற்கைப் பூங்காவாக மாற்றிவிட்டால் என்ன? நடைபாதை, புல்தரை, படகுத்துறை, குழந்தைகளுக்கு ஊஞ்சல், வாசலில் டிக்கெட் கவுண்டர். யோசனையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இந்தியாவின் நகரங்கள் பலவும் இன்று தங்கள் ஆற்றோரத்தில் இதைத்தான் செய்கின்றன.

ஆனால் ஆற்றங்கரைப் பூங்கா என்று ஒன்றை மதிப்பிடும்போது நாம் எப்போதும் பூங்காவைத்தான் பார்க்கிறோம். மரம் எத்தனை, விளக்கு எரிகிறதா, கழிப்பறை சுத்தமா என்று கேட்கிறோம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்த நிலம் பூங்காவாக ஆவதற்கு முன் ஆற்றுக்கு ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது: வெள்ளம் வந்தால் விரிய இடம் கொடுத்தது, மணலுக்குள் நீரைச் சேமித்தது, வண்டலை வாங்கி வைத்தது, முகத்துவாரமென்றால் கடலேற்றத்தை உள்ளே விட்டது, மீன் குஞ்சுக்குத் தங்குமிடம் தந்தது. பூங்கா வந்த பிறகு அந்த வேலை தொடர்கிறதா, நின்றுவிட்டதா? தொடர்ந்தால் அது ஆற்றங்கரைப் பூங்கா. நின்றுபோனால் அது ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கா மட்டுமே. அதைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் வைத்திருக்கலாம். இந்த அளவுகோலோடு பாலாற்றின் வழியே இறங்கிப் போய், பிறகு கடலோரமாகச் சென்னைவரை சென்று அடையாற்றையும் பார்த்துவிட்டால், பேத்தமங்கலத்துக்கு என்ன தேவை என்பது தெளிவாகும்.

முதல் ஆட்சேபம் பாலாற்றைப் பற்றியே எழும். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஆண்டில் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கும் ஒரு பாதைக்கு ஏன் இத்தனை கவலை? தமிழ்நாட்டில் பாலாறு என்றால் பாலம் இருக்கும், தண்ணீர் இருக்காது என்ற கேலி பழகிப்போனது. இந்தக் கேலியில் உண்மை பாதிதான். பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. இதில் கீழ்ப்பகுதி முழுக்க ஆழமான மணற்படுகை. ஆறு மேலே ஓடுவதைவிட அந்த மணலுக்குள்தான் அதிகம் ஓடியது. வட ஆர்க்காட்டு விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆற்று மணலில் நீளமாகப் பள்ளம் பறித்து, ஊறி வரும் நீரை வயலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குக் கசக்கால் என்று பெயர். பிற்காலத்தில் வேலூரிலிருந்து செங்கல்பட்டுவரை ஊர் ஊராகக் குடிநீருக்கு ஆற்றுப்படுகையில் கிணறு இறக்கியதும் இதே நம்பிக்கையில்தான். ஆகவே பாலாற்றில் நீர் இல்லை என்பவர் மேற்பரப்பை மட்டும் பார்க்கிறார். இந்த ஆற்றுக்கு மணலே தொட்டி. லாரி லாரியாக அந்த மணலை அள்ளியபோது எடுத்தது மணலை மட்டுமல்ல, தொட்டியையே. இப்படிப்பட்ட ஆற்றின் கரையில் சிமென்ட் தளம் போட்டு நீரூற்று வைப்பவர், நீர் இறங்க இருந்த வாயை மூடிவிட்டுச் செயற்கையாக நீரைப் பீய்ச்சுகிறார் என்றே சொல்லவேண்டும்.

கேலியின் மறுபாதியை வெள்ளம் பதில் சொல்லித் தீர்த்தது. 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் பெய்த பெருமழையில் மேலே ஏரிகள் உடைந்து, அந்த நீர் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியைச் சூறையாடியது. ஊரின் நினைவில் அது இன்னும் இருக்கிறது. 2021 நவம்பரில் மறுபடி பாலாறு கரைபுரண்டது. பேத்தமங்கலம் ஏரி கோடி போனது. கீழே தரைப்பாலங்கள் மூழ்கின, பல ஆண்டுகளாக மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கரையில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டில் சில முறைதான் வருகிறது என்பதால் அந்த வெள்ளத்துக்கான இடம் வீண் இடம் ஆகிவிடாது. ஏரியின் உள்வாயும் ஆற்றின் ஓரப் புறம்போக்கும் வருடம் முழுக்க வெறுமையாகக் கிடப்பதுதான் அவை செய்யும் வேலை. வெறுமையைப் பார்த்ததும் எதையாவது கட்டத் தோன்றுவது நகராட்சிப் பொறியாளரின் சுபாவம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒதுக்கிய நிதியைச் செலவழித்ததாகக் காட்ட, வெறுமைக்குப் பில் போட முடியாதே.

பாலாறு ஆந்திரத்தின் குப்பம் பகுதியைக் கடந்து புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இங்கே ஆறு அரசியல் ஆகிவிடுகிறது. மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 1892-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பட்டியலிடப்பட்ட ஆறுகளில் பாலாறும் ஒன்று. சென்னையின் ஒப்புதல் இல்லாமல் மேலே புதிய நீர்த்தேக்கம் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். 2016-இல் ஆந்திரம் எல்லையோரத் தடுப்பணையை உயர்த்தியபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனதற்கு அடிப்படை அதுதான். இதை வைத்துச் சிலர் ஒரு வாதம் சொல்வார்கள்: மூன்று மாநிலம் இழுபறி செய்யும் ஆற்றில் ஒரு பூங்காவின் கரையைப் பற்றிப் பேசுவது அற்பமல்லவா? அணைகளைப் பேசுங்கள், கரையை விடுங்கள் என்பார்கள். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. அணைச் சண்டை எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளூர்க் கரை உள்ளூர் நகராட்சியின் கையில், பஞ்சாயத்தின் கையில், மாவட்ட ஆட்சியரின் கையில் இருக்கிறது. எல்லைக்கு மேலிருந்து வரவேண்டிய நீருக்காக வழக்குப் போடும் மாநிலம், எல்லைக்குள் வந்த நீரை வாங்கி வைக்கும் மணலை விற்றுக்கொண்டிருந்தால் அந்த வழக்கின் தார்மீகம் என்ன ஆகும்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் பெயரைச் சொன்னால் தோல் ஞாபகம் வரும். தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளம் ஆனது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும், தீங்கு நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டும் என்ற இரண்டு நெறிகளும் நம் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் அறிவித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். பாலாறு என்ன ஆயிற்று? 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே வேலூர்ப் பகுதியின் அதே தோல் கழிவைப் பற்றி மறுபடி ஒரு தீர்ப்பு எழுதவேண்டி வந்தது என்பதே பதில். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது. தங்கவயலின் சயனைடு மேடும் ராணிப்பேட்டையின் குரோமிய மேடும் ஒரே ஆற்றுப் பகுதியின் இரு ஊர்களின் தொழில் வரலாறு. வட ஆர்க்காட்டிலிருந்து நிலமற்ற மக்கள், அவர்களில் மிகப் பலர் தலித்துகள், இந்த ஆற்றுப்பகுதியிலிருந்து மேட்டுக்கு ஏறிப்போய்ச் சுரங்கத்தில் இறங்கினார்கள். ஆற்றை நம்பி அவர்களுக்கு வயல் இருந்திருந்தால் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்கு அவ்வளவு மலிவாக ஆள் கிடைத்திருக்காது. பாலாறு அழகுக்கான பொருளல்ல என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இப்போது பூங்காவுக்கே வருவோம். பாலாறு வயலூர் அருகே கடலில் சேர்கிறது. அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் சென்னையில் அடையாறு. 42 கிலோமீட்டர்தான் நீளம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரை வாங்கிக்கொண்டு, வளரும் புறநகர்களின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, பட்டினப்பாக்கம் அருகே கடலில் கலக்கிறது. முகத்துவாரத்துக்கு வடக்கே அடையாறு கிரீக் என்ற கழிமுகக் கிளை; ஏறத்தாழ 358 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்தின் கட்டட இடிபாடும் குப்பையும் வந்து குவிந்த இடம். குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் போய்ப் போராடியிராவிட்டால் முழுவதும் கட்டடமாகியிருக்கும். அதில் 58 ஏக்கரை மீட்டு உருவாக்கியதுதான் அடையாறு பூங்கா. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரோடு திறக்கப்பட்டது. தமிழ் மண்ணில் ஆற்றங்கரை இயற்கைப் பூங்கா என்று துணிந்து சொல்லத்தக்க ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டவேண்டும்.

இங்கே நடந்து பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது மரங்கள். சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக் காட்டின் மரமும் புதரும், சதுப்புக்கு அலையாத்தியும் நாணலும் என்று ஏறத்தாழ 90,000 கன்றுகள் நட்டார்கள். ஆனால் இந்தப் பூங்காவின் முக்கிய வேலை நடவு அல்ல என்பது என் கருத்து. நட்டதற்கு முன்னால் தோண்டினார்கள். பல பத்தாண்டுகளாகக் கொட்டிய இடிபாட்டை அள்ளியெடுத்து, தூர்ந்துபோயிருந்த நீர்ப்பரப்பைப் பலமடங்கு விரித்து, கடலேற்றம் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். கடல் ஏறும்போது உப்பு நீர் வருகிறது. வற்றும்போது சேற்றுத் திட்டு தெரிகிறது. சேற்றில் நண்டு, நண்டைத் தேடிக் கொக்கு, மீனைத் தேடி மீன்கொத்தி. மரம் நடுபவருக்குப் பாராட்டு கிடைக்கும், சேற்றைத் தோண்டுபவருக்குக் கிடைக்காது. இருந்தும் இந்த 58 ஏக்கர் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தத் தோண்டல்தான். வெள்ள காலத்தில் நீர் விரிய இடம், கடலேற்றம் வந்து போக இடம், மீன் குஞ்சுக்கு இடம். நான் முன்னே வைத்த அளவுகோலில் இது தேறிவிடுகிறது.

தேறினாலும் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. பூங்காவின் வேலிக்கு உள்ளே பொறுக்கி எடுத்த சுத்தம். வேலிக்கு வெளியே அடையாற்றின் கறுப்பு நீர். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது. மேலேயிருந்து சுத்தமான நீர் வருவதில்லை, வருவது சாக்கடை. கடல் உள்ளே வர இயந்திரம் கொண்டு மணலை வெட்டிவிட வேண்டியிருக்கிறது. அதாவது பூங்கா தன் மூச்சுக்குத் தனக்கு வெளியே உள்ள ஆற்றை நம்பியிருக்கிறது, அந்த ஆறோ இன்னும் நோயாளி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது அடையாறு தன் பழைய இடத்தையெல்லாம் கேட்டு வாங்கியது. கரையில் யார் வீடு கட்டினார்கள், யார் பட்டா கொடுத்தார்கள் என்று அது விசாரிக்கவில்லை. அப்படியொரு வெள்ளத்துக்கு முகத்துவாரத்தின் 58 ஏக்கர் பதிலாகாது. மேலே மணப்பாக்கத்திலும் அனகாபுத்தூரிலும் திருநீர்மலைப் பக்கமும் ஆறு விரிய இடமிருந்தால்தான் கீழே சைதாப்பேட்டை பிழைக்கும். ஆகவே ஆற்றங்கரைப் பூங்கா என்பது ஒரு இடத்தின் பெயராக இருப்பதில் அர்த்தமில்லை. அது ஆற்றின் நீளம் முழுக்கக் கடைப்பிடிக்கும் முறையாக இருக்கவேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய பலமான வாதம் ஒன்று உண்டு. அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. நகரத்து ஏழைக்கு, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராய்ப் படுப்பவருக்கு, மாலையில் காற்று வாங்க ஒரு இடம் இப்போதே வேண்டும். ஆறு சுத்தமாகும்வரை, மாநிலங்கள் ஒத்துப்போகும்வரை அவர் காத்திருக்க முடியாது. அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாலையில் போனால் இந்த வாதத்தின் வலிமை தெரியும்: குடும்பம் குடும்பமாக மக்கள், சைக்கிள், வேர்க்கடலை, காற்றாடி. கரை நெடுக நடக்க இடமில்லாமல் இருந்த நகரத்துக்கு இரு கரையிலும் பதினொரு கிலோமீட்டருக்கும் மேல் நடைபாதை கிடைத்தது சிறிய காரியமல்ல. மக்கள் முதலில் ஆற்றோரம் வரட்டும், வந்தால்தான் நேசிப்பார்கள், நேசித்தால்தான் காப்பாற்றுவார்கள் என்ற தர்க்கமும் இதோடு சேர்ந்தது. அடையாறு பூங்காவின் மேலும் இந்தக் கோணத்தில் ஒரு நியாயமான குறை சொல்லப்பட்டது: திறந்து பல ஆண்டுகள் பதிவு செய்த குழுக்களும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டுமே உள்ளே போக முடிந்தது, பக்கத்துக் குப்பத்து ஜனங்களுக்கு வேலிதான் தெரிந்தது. இயற்கையைக் காக்கிறேன் என்று ஜனங்களை வெளியே நிறுத்தும் பூங்காவுக்கு அரசியல் ஆயுள் குறைவு.

வாதத்தின் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாம் பாதி, அதாவது வந்தால் நேசிப்பார்கள் என்பது, சபர்மதியாலேயே பொய்த்துப்போகிறது. அங்கே ஆற்றின் அகலத்தை 263 மீட்டர் என்று ஒரே சீராக நிர்ணயித்து இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். நகரத்துக்குள் நிறைந்து தெரியும் நீர் நர்மதைக் கால்வாயின் நீர். பார்க்க வருகிறவர் நேசிப்பது அந்த நிறைந்த நீர்ப்பரப்பை. சபர்மதி என்ற பருவகால ஆற்றை அல்ல. நகரைத் தாண்டிக் கீழே போனால் அதே ஆறு ஆலைக் கழிவும் சாக்கடையுமாக நாறுகிறது, நடைபாதைக்காரர்களிடமிருந்து அதற்கு ஒரு கிளர்ச்சியும் பிறக்கவில்லை. சோல் நகரின் சொங்கேசொன் ஓடையும் இதே ரகம். மேம்பாலத்தை இடித்து 2005-இல் ஓடையைத் திறந்த துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் அதில் ஓடுவது ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் பம்ப் செய்யும் நீர். மாறாக நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் வால் ஆற்றுக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். வெள்ளம் வரும்போது ஆறு நெரிபடுகிறது என்று கண்டு, கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளி, ஆற்றுக்கு இன்னொரு கிளை வெட்டினார்கள். வீடுகள் சில போயின, எதிர்ப்பும் இருந்தது. 2015 வாக்கில் வேலை முடிந்தபோது நடுவே கிடைத்த தீவில் பூங்காவும் மணற்கரையும் வந்தன. வெயில் காலத்தில் மக்கள் குளிக்கிறார்கள், வெள்ள காலத்தில் அந்த இடத்தை ஆறு எடுத்துக்கொள்கிறது. மக்களுக்கும் இடம், ஆற்றுக்கும் இடம் என்பது வெறும் ஆசை அல்ல, செய்து காட்டியது. பணக்கார நாடு, சின்ன நாடு, நமக்கு ஒத்துவராது என்பார்கள். நம்மிடம் ஏரியின் உள்வாய் என்ற ஏற்பாடு ஆயிரம் ஆண்டாக இருக்கிறது. நீர் வற்றினால் மாடு மேயும், மழை வந்தால் ஏரி திரும்ப எடுத்துக்கொள்ளும். நைமேகன் இவ்வளவு செலவு செய்து கண்டுபிடித்தது கோலார் விவசாயிக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம்.

பேத்தமங்கலத்துக்குத் திரும்பினால் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் நிலைவரை சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்குக் குழாயில் கொண்டுவருகிறார்கள். கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று பெயர். தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இன்னொரு பக்கம், பல பத்தாண்டுகளாக வறண்ட ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது, ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டு ஓய்ந்துபோன விவசாயிகள் மூச்சு விட்டார்கள். இரண்டும் உண்மை. ஏரிகள் கோத்த சங்கிலி என்பதால் மேலே ஊற்றும் நீர் கீழே என்றைக்காவது வந்தே தீரும். வெறும் பூங்காக் கண்ணால் பார்ப்பவருக்கு இதில் பிரச்சினையே இல்லை. ஏரி வருடம் முழுக்க நிறைந்திருக்கும், படகு விடலாம், போட்டோவில் நீலமாக விழும். ஆற்றின் வேலையைக் கேட்பவருக்குத்தான் கவலை: இது குடிநீர் ஏரியாக இருந்தது, கீழே மணலில் இதே நீர் வேலூர்வரை ஊறிப் போகவேண்டும். அதனால் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு என்ற சலிப்பூட்டும் கோரிக்கை எந்த நடைபாதையையும்விட முக்கியமானதாகிறது. கோலார் விவசாய அமைப்புகள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் தங்கவயல்காரருக்கு மாலை உலாவ இடம் வேண்டாமா? வேண்டும், அதற்கு ஏரியின் உள்வாய்க்குள் இறங்கவேண்டிய அவசியமே இல்லை. மூடிய சுரங்கக் கம்பெனியின் பேரில் பன்னிரண்டாயிரம் ஏக்கர் அளவுக்கு நிலம் கிடக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் வைத்துக்கொண்ட ஊர் இது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லைன்களுக்குத்தான் அப்போதும் நிழல் கிடைக்கவில்லை. புல்தரையும் ஊஞ்சலும் லைன்களுக்கு நடந்து போகும் தூரத்தில் வரட்டும். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்கு மோட்டார் சைக்கிளும் காரும் இருப்பவரே போக முடியும் என்பதையும் யோசிக்கவேண்டும். சயனைடு மேட்டின் மேல் மட்டும் பூங்கா கேட்காதீர்கள். அதற்கு முதலில் தூள் பறக்காமல் மூடவேண்டும், மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போகாமல் வரப்பு கட்டவேண்டும். அதுவே தனி வேலை, பெரிய வேலை.

பேத்தமங்கலத்தின் கரைமேல் ஒரு மண் பாதை, நிழலுக்குப் புங்கனும் மருதும், பறவை பார்க்க ஓரிரு மேடை, கோடிக்குப் பக்கத்தில் எந்தக் கட்டடமும் கூடாது என்ற கறாரான கல்வெட்டு. இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. மிஞ்சும் பணத்தை ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் போடலாம். அவற்றில் எத்தனை இன்று சாலைக்கு அடியில் போய்விட்டன, எத்தனையைச் செங்கல் சூளையும் லேஅவுட்டும் விழுங்கிவிட்டன என்று சர்வே எண் வைத்து அளந்து, அளந்த இடத்தில் கல் நட்டுவிட்டுத்தான் பூங்காவுக்கு டெண்டர் விடவேண்டும்.